கிட் வரலாறா, கையால் எழுதும் நன்றிப் பட்டியலா?

புதுச்சேரியில் நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவரும் தமிழ்ச் சொற்பிழை திருத்தி நிரலகத்தில், தன்னார்வலர்களின் பங்களிப்பைப் பதிவுசெய்ய இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது, நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளின் வரலாற்றிலிருந்தே பெயர்களை எடுப்பது. ‘கிட் ஷார்ட்லாக்’ என்ற ஒரே கட்டளை, யார் எத்தனை கமிட் (ஒரு தடவையில் பதியும் மாற்றம்) செய்தார் என்பதை நொடியில் எண்ணித் தந்துவிடும். ஒருவரே இரண்டு மின்னஞ்சல் முகவரிகளில் எழுதியிருந்தால் ‘மெயில்மேப்’ கோப்பு அவற்றை ஒன்றாக்கும். வேலை மிச்சம். ஆனால் ஒரு காற்புள்ளியைத் திருத்திய கமிட்டும், ஒரு மாத உழைப்பைச் சுமந்த கமிட்டும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான்.

இரண்டாவது, தனிக் கோப்பில் கையால் எழுதுவது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ‘கிரெடிட்ஸ்’ கோப்பில், பெயரோடு அவர் செய்த பணியைக் குறிக்கவும் தனி வரி உண்டு. அந்த வரிதான் எங்களுக்கு முக்கியம்; ஏனெனில் முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சந்தி விதிகளை நோட்டில் எழுதித் தந்தார், அவர் கிட்டைத் தொட்டதே இல்லை என்பதால் முதல் வழியில் அவர் பெயர் எங்குமே வராது. (தட்டச்சு செய்த மாணவரின் பெயர் மட்டும் வரும்.) கமிட் செய்தியில் ‘கோ ஆத்தர்டு பை’ (இணைந்து எழுதியவர்) வரியைச் சேர்க்கலாம்தான், அதற்கு வழக்கமாக மின்னஞ்சல் முகவரி வேண்டும், அம்மையாரிடம் அது இல்லை.

கைப்பட்டியலின் குறை மறதி. ஆகவே அதையே தேர்ந்தெடுத்தாலும், ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஷார்ட்லாக்கை ஓட்டி, விடுபட்ட பெயர் உண்டா என்று சரிபார்க்கிறோம்.