50 லிட்டர் பவளத் தொட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவது? நான்கு வருட அனுபவம்

சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பவளத் தொட்டிக்கு இந்த மாதத்தோடு நான்கு வயது. இரண்டடி நீளம், ஓரடி அகலம். பாறையும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 50 லிட்டர்தான். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், சில நத்தைகள், காளான் பவளம், ஜோவாந்திட், ஜீனியா என்ற மென்பவளங்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் மென்பவளங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

தொடங்கும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வாரம் 10 சதவீதம் மாற்று. ஒன்பது மாதம் ஞாயிறு தவறாமல் 5 லிட்டர் மாற்றினேன். அப்படியும் மீன் கழிவிலிருந்தும் தீவன மிச்சத்திலிருந்தும் சேரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போய் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அருகே நின்றது. ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தொட்டியில் வாரத்துக்கு 2.5 பிபிஎம் கூடுகிறது. 10 சதவீதத் தண்ணீரை எடுத்தால் இருக்கிற நைட்ரேட்டில் 10 சதவீதம்தான் போகும். 10 இருக்கும்போது 1 போகிறது, 2.5 வருகிறது. 25-ஐத் தொட்ட பிறகுதான் வரவும் செலவும் சமமாகின்றன. அதாவது எந்த அளவில் போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே கூடும் அளவை, மாற்றும் பங்கால் வகுத்தால் போதும். இது முதல் மாதமே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தெரிந்ததும் அவசரப்பட்டேன். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினேன். புதிதாகக் கரைத்த உப்புநீரின் காரத்தன்மை 11.5 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), தொட்டியில் இருந்தது 7.5. ஒரு மணி நேரத்தில் 9.5-க்குத் தாவியது. ஜோவாந்திட் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை, ஜீனியாவில் ஒரு கொத்து கரைந்தே போனது. வெப்பநிலையையும் உப்பளவையும் சரிபார்த்த நான் காரத்தன்மையைப் பார்க்கவில்லை. இப்போது புது உப்புப் பை பிரித்தால் முதல் சோதனை அதுதான்.

அப்புறம் எதிர்ப்பக்கம் போனேன். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, வாரம் 15 லிட்டர் மாற்றினேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சோதனையில் பூஜ்யம். சில மாதங்களில் ஜோவாந்திட் சுருங்கியது. மணல் மேல் பழுப்பு நிறத்தில், குமிழி பிடித்த கோழை படர்ந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். மென்பவளத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டும், அதை நானே துடைத்து எடுத்துவிட்டேன். ஐந்து வாரம் தண்ணீர் மாற்றவே இல்லை, தீவனத்தைச் சற்றுக் கூட்டினேன். நைட்ரேட் 5 பக்கம் வந்த பிறகுதான் கோழை மெல்ல விலகியது.

அந்த ஐந்து வாரமும் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவில்லை. இதையும் தண்ணீர் மாற்றுவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். கோடையில் என் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் குறையும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவு 37-ஐத் தாண்டிவிடும். ஊற்றும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். லாரித் தண்ணீரை ஆர்ஓ மட்டும் செய்தபோது டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 40 காட்டியது. அந்த மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குடுவை ஒன்றைச் சேர்த்த பிறகே பூஜ்யம் வந்தது. அதற்கான செலவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு குடம் எடுத்துட்டு வரலாமே" என்று அம்மா கேட்பார். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரை, அதுவும் மழைக்குப் பிறகு உப்பு குறைந்து கிடக்கும் தண்ணீரை, உள்ளே விட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10 லிட்டர். இப்போதைய தீவனத்துக்கு வாரம் 1 பிபிஎம் கூடுகிறது. இரண்டு வாரத்தில் 2; 20 சதவீதம் மாற்றுவதால் 10-ஐத் தாண்டாது. மென்பவளங்கள் எடுத்துக்கொள்ளும் சிறு தனிமங்களுக்கும் இதுவே போதுமாக இருக்கிறது. முந்தைய இரவே உப்பைக் கரைத்து மோட்டார் ஓடவிடுவேன். காலையில் 26 டிகிரி பார்த்து, அரை மணி நேரம் எடுத்து மெதுவாக விடுவேன். ஏதாவது செத்துப்போனால் மட்டும் நாள் பார்ப்பதில்லை, அன்றே 10 லிட்டர்.

அடுத்த மாதம் ஒரு சிறிய கோபி மீன் சேர்க்க எண்ணம். சேர்த்ததும் மூன்று வாரம் நைட்ரேட் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து, அதற்குப் பிறகே இந்த இரண்டு வாரக் கணக்கைத் தொடுவேன்.