ஆற்றுத் தங்கத்துக்கு ஒரு சிறு மின்னுலை: நன்றாக உருக்கும், சுத்திகரிக்காது

ஆற்றுமணலை அலசிச் சேர்த்த தங்கப்பொடியை வீட்டிலேயே கட்டியாக்க நினைப்பவர்களுக்காக விற்கப்படும் சிறு மின்னுலை ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். உலையுடன் ஒரு கிராஃபைட் மூசையும் (உலோகத்தை உருக்கும் கிண்ணம்), வார்ப்பச்சும், நீண்ட இடுக்கியும், ஒரு பொட்டலம் வெண்காரமும் (உருக்கும்போது அழுக்கை இழுத்துக்கொள்ளும் போராக்ஸ் உப்பு) தருகிறார்கள். பெட்டியின் மேல் ‘தங்கச் சுத்திகரிப்பு உலை’ என்று அச்சிட்டிருக்கிறது. உருக்கும் உலை என்ற அளவில் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த அச்சு வாசகத்தை நம்பி வாங்குபவர்கள்தான் ஏமாந்துபோவார்கள்.

தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும். இந்த உலை அதைத் தாண்டிச் சூடேறி, வைத்த வெப்பத்தில் அலைபாயாமல் நிற்கிறது. மேல்மூடியைத் திறந்து பார்த்தால், கறுத்த கண்ணாடிக் குழம்பாகிவிட்ட வெண்காரத்தின் அடியில் பொடியெல்லாம் ஒன்றுகூடி, பளபளக்கும் ஒரே உருண்டையாகத் திரள்வது தெரியும். பொடியோடு வந்து, காந்தத்தில் ஒட்டாமல் தங்கிவிட்ட கருமணலின் இரும்பு ஆக்சைடை அந்தக் குழம்புதான் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆனால் உடன் தரும் வெண்காரம் நீர் நீக்கப்படாத சாதாரண வகை. சூடேறும்போது அது பொங்கி நுரைத்து, மெல்லிய தங்கத் துகள்களையும் சேர்த்து மூசையின் விளிம்பு வரை தூக்கிவிடுகிறது. சிறு அளவு தங்கத்தில் இந்தச் சேதாரம் பெரிது. முன்னரே உருக்கிப் பொடித்த வெண்காரத்தைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. மட்டமான உலோகங்களை எரித்துக் கசடாக்க வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதற்கு மண்மூசையையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் வெடியுப்பு கிராஃபைட்டை அரித்துவிடும்.

இயற்கையான ஆற்றுத் தங்கத்தில் வெள்ளி எப்போதும் கலந்தே இருக்கும். செம்பும் சிறிது இருக்கலாம். எத்தனை முறை உருக்கினாலும் அந்த வெள்ளி தங்கத்தை விட்டுப் பிரியாது. அதைப் பிரிப்பதற்குத் தங்கம் ஒரு பங்கும் வெள்ளி மூன்று பங்கும் இருக்கும்படி கூடுதல் வெள்ளியைச் சேர்த்து உருக்கி, நீரில் ஊற்றிச் சிறு மணிகளாக்கி, நைட்ரிக் அமிலத்தில் இட வேண்டும். வெள்ளி கரைந்துபோக, தங்கம் பழுப்புநிறப் பொடியாக அடியில் தங்கும். வெள்ளியைக் குறைவாகச் சேர்த்தால் அமிலம் உள்ளே ஊடுருவாது. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவையான ராஜ திராவகத்தில் நேரடியாகக் கரைக்க முயன்றாலும், வெள்ளி மிகுந்த தங்கத்தின் மேல் வெள்ளிக் குளோரைடு படலமாகப் படிந்து வேலையை நிறுத்திவிடும். ஆக, இந்த உலை சுத்திகரிப்பின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் உதவும் கருவி. நடுவில் உள்ள அமில வேலை முழுவதும் இதற்கு வெளியே நடக்க வேண்டியது. அந்த வேலையில் எழும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பதால், முறையான புகைபோக்கி அமைப்பு இல்லாத வீட்டில் அதைத் தொடங்கவே கூடாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது கையேட்டைப் படித்தபோதுதான். பாதரசத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. முற்காலத்தில் பாதரசத்தைக் கொண்டு தங்கம் எடுத்த ஓடைகளில் அது இன்னமும் தங்கியிருப்பதுண்டு. அங்கே கிடைக்கும், பாதரசம் ஒட்டிய தங்கத் துகள்கள் வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். பாதரசம் 357 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படி வெளுத்த துகள்களை உலையில் இட்டு, மூடிய அறைக்குள் உருக்குபவர் தம்மோடு வீட்டில் இருப்பவர்களையும் நஞ்சுக்கு உள்ளாக்குகிறார். இந்த எச்சரிக்கை கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். வெளுத்த துகள்களைத் தனியே பிரித்து மூடி வைத்து, பாதரசத்தைக் கையாளும் வசதியுள்ள சுத்திகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்குவதானால் கூடுதலாக ஒரு மூசையும் சேர்த்து வாங்குங்கள். பொடியை உருக்கிய மூசையின் சுவரில் பழைய கசடும் உலோகத் துளிகளும் ஒட்டியே இருக்கும். பிரித்தெடுத்த தூய தங்கத்தை அதிலேயே உருக்கினால் நீக்கிய அழுக்கு மீண்டும் கலந்துவிடும்.