சீட்டு இல்லாமல் மாத்திரை தராத கோத்தகிரி மெடிக்கல்

கோத்தகிரியில் மெடிக்கலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் படபடப்பை அடக்குகிற அல்பிரசோலம் மாத்திரை வாங்க நான் போவது டானிங்டனில் படியிறங்கிப் போகிற சின்னக் கடைக்குத்தான். "டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேங்கிறாங்க" என்று ஊரில் பலருக்கும் அந்தக் கடைமேல் கடுப்பு. நான் அதற்காகவே ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன்.

பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட சமயம். கடன் தவணையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. கோயம்புத்தூர் டாக்டர் ராத்திரிக்கு 0.25 மில்லிகிராம் எழுதித் தந்தார். போட்டால் சீக்கிரமே படபடப்பு அடங்கிவிடும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

கடையில் இருக்கும் பார்மசிஸ்ட் அம்மா தனி நோட்டை எடுத்து டாக்டர் பெயர், என் பெயர், மாத்திரை, எண்ணிக்கை எல்லாம் எழுதுவார். இது ஷெட்யூல் எச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டும் பதிவும் இல்லாமல் விற்கக் கூடாத அரசுப் பட்டியலில் உள்ளது. 2014 மார்ச்சிலிருந்து இந்தப் பதிவு கட்டாயம், நோட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டுமாம். அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதி தேதியைக் கவரில் எழுதித் தருகிறார். இதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

"நல்லாயிருக்குன்னு நீங்களா நிறுத்திடாதீங்க ஐயா" என்றார். ஏன் என்று கேட்டதற்கு பில்லின் பின்பக்கம் மூன்று வட்டம் போட்டார். கவலை வந்தால் மூளையில் ஹைப்போதலாமஸ் என்கிற பகுதி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும், உடனே பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பும், சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்கிற மன அழுத்த ஹார்மோனைக் கொட்டும். மேல் வட்டத்துக்குக் கடிவாளம் போடுவது காபா என்கிற ரசாயனம். மாத்திரை அந்தக் காபாவுக்கு வலு கூட்டுகிறது. அதனால் கார்டிசோலும் இறங்குகிறது. ஆனால் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும். அப்புறம் திடீரென்று விட்டால் அடக்கி வைத்ததெல்லாம் எகிறும்: கார்டிசோல் ஏறும், தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். இதே வகை மாத்திரையான டயசிபாம் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் அல்பிரசோலத்தை விட்டால் உதறல் சீக்கிரமே தெரியும். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கார்டிசோல் டெஸ்ட் எடுக்க நேர்ந்தால் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடவும் சொன்னார்.

"குடிப்பீங்களா?" என்று நேராகவே கேட்டார். மலைக்குளிருக்கு ஒரு பெக் என்று சொல்கிற ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

ஒரு மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிட்டது. மாத்திரை தீரப்போகிறது, கோயம்புத்தூர் போக வழியில்லை. வேறொரு கடையில் எதுவும் கேட்காமல் முழு அட்டையை நீட்டினார்கள். இந்த அம்மாவோ பழைய சீட்டைத் திருப்பிக் கொடுத்து, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காட்டிப் புதுச் சீட்டு வாங்கி வரச் சொன்னார். மழையில் நனைந்து போய் வந்தேன். எழுதியிருந்த அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூடத் தரவில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், அந்தப் படிக்கட்டு. பனி இறங்கினால் பாசி வழுக்கும், கைப்பிடி கிடையாது. இந்த மாத்திரை போட்டால் வயதானவர்களுக்குக் கால் தள்ளாடும், விழுந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கிற கடைக்கே இப்படியொரு படி! கைப்பிடி வைக்கச் சொன்னேன். "கட்டட ஓனர்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்கிறார்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. மாத்திரை தீருகிற மாதிரி இருந்தால் சனிக்கிழமையே போய்விடுங்கள், சீட்டோடு.