ரங்கூனில் நான்கு வாரம், ஒரு பெயருக்காக

என் கணவர் ரங்கூனில் தாம்வே பகுதியில் இருக்கிறார். நான் மெல்போர்னில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். 2023 தை மாதம் எங்கள் பேட்டைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. எனக்கு ஆஸ்திரேலியாவில் பி.ஆர். கிடைத்ததும் அவரை அழைத்துக்கொள்ள 309 எனும் வாழ்க்கைத்துணை விசாவுக்குப் போடலாம் என்று முடிவு செய்தோம். போனிலேயே முடித்துவிடலாம் என்று ஆறு மாதம் முயன்று பார்த்தோம், நடக்கவில்லை. 2025 ஐப்பசியில் நான்கு வாரம் லீவு எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். பர்மா தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது இதே அலைச்சலில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் விசாவைப் பற்றி. 309 என்பது தற்காலிக விசா, அதைத் தொடர்ந்து வருவது நிரந்தரமான 100. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். 2025 ஜூலையில் அந்தக் கட்டணம் 9,365 ஆஸ்திரேலிய டாலர் ஆனது. விண்ணப்பம் தள்ளுபடியானால் பணம் திரும்பி வராது. என் சம்பளத்தில் அதைச் சேர்க்க ஒன்றரை வருடம் ஆனது. அதனால் பணம் கட்டும் முன்பே எல்லாத் தாளும் கையில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

இறங்கியது சனிக்கிழமை. திங்கட்கிழமை தீபாவளி, பர்மாவிலும் அன்று அரசு விடுமுறை. நவம்பர் முதல் வாரத்தில் தசவுங்டைங் பௌர்ணமி விடுமுறை வேறு. நான்கு வாரம் என்று போனால் கையில் நிற்பது மூன்று வாரம்தான். டிக்கெட் எடுக்கும் முன் பர்மாக் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் பெயர். பர்மாவில் பிறந்த தமிழர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். என் கணவருக்கு வீட்டிலும் கோயிலிலும் ஒரு பெயர். உதாரணத்துக்குக் கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மப்போந்தினில், அதாவது அடையாள அட்டையில், மின் தூ. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மவுங் மின் தூ. சிங்கப்பூரில் மூன்று வருடம் வேலை செய்தபோது கம்பெனிக்காரர்கள் போட்ட பெயர் மின் தூ கார்த்திக். அவர் அப்பாவுக்கு முத்தையா என்ற ஒரே பெயர்தான். ஆனால் அது பர்மிய எழுத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒரு தாளில் மூட்டாயா, இன்னொன்றில் மோத்தியா. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று மெல்போர்னில் உட்கார்ந்து தாளைப் புரட்டும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் யாரையும் ஏமாற்ற வைத்த பெயர்கள் இல்லை இவை. 1964இல் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகள் அரசுடைமையாயின. நம்மவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பர்மியப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாத்தியார் வாய்க்கு வந்த பர்மியப் பெயரே பதிவேட்டில் ஏறியது. பிறகு வந்த 1982 குடியுரிமைச் சட்டம் ஆட்களை மூன்றாகப் பிரித்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. அட்டைக்காக அலைந்த எங்கள் பெற்றோருக்கு, பர்மியப் பெயர் இருந்தால் கௌண்டரில் கேள்வி குறையும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் போவதற்கு முன் அவர் ஓர் ஏஜென்டிடம் ஆறு லட்சம் சாட் முன்பணம் கொடுத்திருந்தார். அந்த ஆள் இரண்டு யோசனை சொல்லியிருந்தார். ஒன்று, எல்லாத் தாளுக்கும் நோட்டரி, வெளியுறவு அமைச்சு முத்திரை எல்லாம் வேண்டும், தாளுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. இரண்டாவது, "தமிழ்ப் பெயரைச் சொல்லவே வேண்டாம், இரண்டு பெயர் என்றால் சந்தேகப்படுவார்கள்."

இரண்டுமே தப்பு. ஆஸ்திரேலியா கேட்பது மூலத் தாளின் கலர் ஸ்கேனும் ஆங்கில மொழிபெயர்ப்பும்தான். தமிழ்ப் பெயர் விஷயத்தில் அவர் சொன்னது ஆபத்தானது. விண்ணப்பத்திலேயே "வேறு பெயரில் அறியப்பட்டிருக்கிறீர்களா" என்று கேள்வி இருக்கிறது. அதில் இல்லை என்று எழுதி, பிறகு கோயில் கல்யாணச் சீட்டில் கார்த்திகேயன் என்று வந்தால் அது பொய்த் தகவல். 4020 என்று ஒரு விதி இருக்கிறது. பொய்த் தகவலுக்கு மூன்று வருடம் விசா கிடைக்காது, அடையாளம் தொடர்பான பொய் என்றால் பத்து வருடம். முன்பணம் திரும்பி வரவில்லை. அதற்காக அலையவும் எங்களுக்கு நேரமில்லை, விட்டுவிட்டோம்.

அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, பன்சொடான் வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மொழிபெயர்க்கும் பெரியவரைப் போய்ப் பார்த்தோம். எழுபது வயதிருக்கும், தமிழர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது குடும்பப் பட்டியலைத்தான். தன்கௌங்சாயின் என்று அங்கே சொல்வார்கள், வீட்டில் இருக்கும் எல்லார் பெயரும் அதில் இருக்கும். மாமியார் அதைப் பிஸ்கட் டின்னுக்குள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். நான்காக மடித்து மடித்து மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. நீல மையில் வரிசையாகப் பெயர்கள். தாத்தா பெயர் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் அவர் இறந்த தேதி.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தாளைக் கண்ணருகே வைத்துப் படித்தார். பிறகு ஏஜென்ட் செய்து கொடுத்திருந்த மொழிபெயர்ப்பை எடுத்தார். சிவப்புப் பேனாவால் "ஊ" என்று இருந்த இடமெல்லாம் வட்டம் போட்டார்.

"அம்மா, இதைப் பாருங்க. ஊ முத்தையா. அந்த ஊ பேரே இல்ல, நம்ம திரு மாதிரி. இவன் அதைப் பேரோட சேத்து எழுதியிருக்கான். அங்க இருக்கிறவன் இனிஷியல்னு நினைப்பான், பாஸ்போர்ட்ல அது இருக்காது, அப்ப வேற ஆளுன்னு ஆயிடும்."

ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் இருக்கும் ஊவும் அதே மரியாதைச் சொல்தான். மவுங், கோ, ஊ என்று ஆணுக்கு வயதுக்கு ஏற்ப மாறும். பெண்ணுக்கு மா, டோ. பள்ளிச் சான்றிதழில் மவுங், அட்டையில் எதுவும் இல்லை என்றால் அது இரண்டு பெயர் இல்லை, சிறு வயதும் பெரிய வயதும்தான். பெரியவர் இந்த விளக்கத்தை ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் அடியிலும் குறிப்பாகப் போட்டார். அதற்குக் கீழே தன் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை வருடமாக இந்த வேலை, என்ன படித்தவர் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செய்யும் மொழிபெயர்ப்புக்கு இந்த விவரங்கள் கட்டாயம் வேண்டும். ஏஜென்ட் தாளில் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தான் இருந்தது. பெரியவர் கேட்ட கூலியும் ஏஜென்ட் கணக்கில் கால்வாசிகூட வரவில்லை. இரண்டு நாளில் பதினொரு தாளை முடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "கார்த்திகேயன்கிற பேரை விட்டுடாதீங்க, அப்பா அம்மா வச்ச பேரு" என்றார்.

அவர் சொன்னபடி நீதிமன்றத்தில் இரண்டு சத்தியப்பிரமாணம் எடுத்தோம். ஒன்று கல்யாணத்துக்கு. எங்களுடையது கோயில் கல்யாணம், கையில் இருந்தது அர்ச்சகரும் கோயில் தலைவரும் கையெழுத்திட்ட சீட்டு மட்டும். இன்னொன்று பெயருக்கு. கார்த்திகேயன், மின் தூ, மவுங் மின் தூ, மின் தூ கார்த்திக் எல்லாம் ஒருவரே என்று அடையாள அட்டை எண்ணோடு எழுதியது. அந்த எண்தான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. 12 என்று தொடங்கும், அது ரங்கூன் பகுதியின் எண். அடுத்து ஊரின் எழுத்துகள், அடைப்புக்குள் நைங் என்று குடிமகனுக்கான குறி, கடைசியில் ஆறு இலக்கம். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் எல்லாத் தாளிலும் எண் ஒன்றுதான். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அந்த எண் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பர்மிய இலக்கங்களில் ஒன்றுக்கொன்று உருவம் கிட்டத்தட்ட இருக்கும், எங்கள் தாள் ஒன்றில் ஏஜென்ட் ஆள் ஓர் இலக்கத்தை மாற்றியே போட்டிருந்தார்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டம். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவருடைய கடவுச்சீட்டில் பெயர் பிரிக்காமல் ஒரே வரியில் இருந்ததால், முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டோம். பிரித்துப் போட்டிருந்தால் "தூ" என் மாமனாரின் வம்சப் பெயராகியிருக்கும்.

லவக, அதாவது குடிவரவு அலுவலகத்தைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். குடும்பப் பட்டியலுக்கு அத்தாட்சி நகல் வாங்கப் பயந்துகொண்டே போனேன். கௌண்டரில் இருந்த சயாமா (பெண் அலுவலர்) பர்மியப் பெண், என்னைவிட இளையவர். தாத்தா பெயரின் எழுத்து ஓரிடத்தில் அழிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பழைய பதிவேட்டை அவரே தேடி எடுத்துச் சரிபார்த்துத் தந்தார். மூன்று தடவை போக வேண்டியிருந்தது, ஆனால் ஒருவரும் கடிந்து பேசவில்லை. வார்டு ஆபீசில் நன்னடத்தைக் கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. போலீஸ் ஸ்டேஷன் கடிதத்துக்கு ஒரு வாரம்.

இனி, உண்மையான தாம்பத்தியம் என்று காட்டும் சாட்சியம். பணம், வீடு, சமூகம், ஒருவருக்கொருவர் உள்ள பிணைப்பு என்று நான்கு பக்கமும் பார்ப்பார்கள். சமூகத்துக்குக் கல்யாணப் படங்கள் போதும், கூட மெல்போர்னில் என்னுடன் வேலை செய்யும் இரண்டு பேர், எங்கள் உறவு உண்மைதான் என்று சொல்லும் 888 படிவம் எழுதித் தந்தார்கள். பணத்தில்தான் அடி வாங்கினோம். மாதாமாதம் நான் அனுப்பியதெல்லாம் உண்டியல் வழி, அதாவது வங்கியில்லாமல் தனி ஆட்கள் கைமாற்றிக் கொடுக்கும் வழி. வங்கிக் கணக்கில் ஓர் அமெரிக்க டாலருக்கு 2,100 சாட் என்று அரசு வைத்த விலை, வெளியே ஏறக்குறைய இரண்டு மடங்கு. யார்தான் வங்கி வழி அனுப்புவார்கள்? ஆனால் உண்டியலுக்கு ரசீது கிடையாது. இரண்டரை வருடம் நான் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணத்துக்குத் தாளில் ஒரு தடமும் இல்லை என்று தெரிந்த அன்று இரவு அழுதேன். பிறகு அவர் போனைத் துழாவினோம். உண்டியல்காரர் அங்கே கேபிஇசட் பே என்ற பணச் செயலியில் அவருக்குப் போட்ட வரவுகள் இருந்தன. அதே தேதியில் என் கணக்கிலிருந்து போன தொகை, "வந்துவிட்டதா?" என்று நான் வைபரில் கேட்ட செய்தி, மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து மாதவாரியாக முப்பது பக்கம் தயாரித்தோம். இப்போதுதான் கல்யாணமானவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதம் ஒரு சிறு தொகையாவது ரசீது வரும் வழியில் அனுப்புங்கள்.

வீட்டுக்கான சாட்சியம் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. 2021க்குப் பிறகு அங்கே வெளியாள் யார் ராத்தங்கினாலும் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பதிவு செய்ய வேண்டும். என் பெயர் இன்னும் அம்மா வீட்டுப் பட்டியலில் இருப்பதால் கணவர் வீட்டில் தங்க எனக்கும் அந்தப் பதிவு. 2023இல், 2024இல், இந்தத் தடவை என்று மூன்று பயணத்துக்கும் தேதி போட்டு முத்திரை குத்திய தாள்களை மாமியார் எடுத்து வைத்திருந்தார். விருந்தாளி பெயர், வீட்டுக்காரருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பர்மியத்தில் "மனைவி". ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது மனசு கனக்கும். இப்போது அவை மூன்றும்தான் எங்கள் கோப்பில் முதல் தாள்கள்.

மருத்துவச் சோதனையை முந்திக்கொண்டு செய்யாதீர்கள், அது ஒரு வருடம்தான் செல்லும். விண்ணப்பம் போட்ட பிறகு சோதனைக்கான ஹாப் (HAP) எண் வரும், அதோடு குறிப்பிட்ட டாக்டரிடம் போனால் உடல் சோதனை, மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி. சோதனை மூன்றும் ஒரே காலையில் முடியும்.

ஒரு கோப்பு ஐந்து எம்பிக்கு மேல் ஏறாது. மின்சாரமோ முறை வைத்துத்தான் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. அவர் ஸ்கேன்களைச் சுருக்கிச் சுருக்கிக் கொடுக்க, நான் ஏற்றினேன். மாமியார் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றி முடித்த தாளை ஒவ்வொன்றாகப் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கினார். மூன்று மணி வாக்கில் பணம் கட்டினேன், விண்ணப்ப எண் வந்தது.

பாக்கி இருப்பது சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழ். கடந்த பத்து வருடத்தில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடு எதுவானாலும் அது வேண்டும். கைரேகைத் தாளை அனுப்பிவிட்டார். விண்ணப்பத்தில் நான்கு பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.