மீட்டரே எடுக்காம "கேலிபரேஷன் பண்ணியாச்சுண்ணே"னு 6000 ரூபா வாங்கிட்டாங்க, மில்லு வச்சிருக்கவங்க பாத்துக்கங்க

புதுவயல்ல எங்களுக்கு ஒரு சின்ன ரைஸ் மில்லு, புழுங்கல் போடுறோம். டிரையருக்குப் போற ஸ்டீம் வால்வை கம்ப்யூட்டர்ல இருக்குற அனலாக் அவுட்புட் கார்டுதான் ஓட்டுது. கார்டு அனுப்புற கரண்ட் 4 மில்லியாம்ப்னா வால்வு மூடியிருக்கணும், 20னா முழுசா தொறந்திருக்கணும். ஆட்டோலாம் இல்ல, டிரையர் பாக்குற பெரியவர் நெல்லைக் கையில அள்ளிப் பாத்துட்டு ஸ்க்ரீன்ல பர்சன்டேஜ் போடுவாரு, அந்த நம்பரை நம்பித்தான் மொத்த லோடும் காயுது.

ஐப்பசி மழைல ஒரு நாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகல. காரைக்குடில ஒரு கடைல இருந்து வந்தவரு டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லி புதுசு மாட்டி சாப்ட்வேர் ஏத்தி கேலிபரேஷனுக்குன்னு (ஸ்க்ரீன்ல போடுற நம்பருக்குச் சரியான கரண்ட் வருதான்னு மீட்டர்ல அளந்து சரி பண்றது) தனியா 6000 பில் போட்டு வாங்கிட்டுப் போனாரு, பழைய டிஸ்க்கையும் "இது வேஸ்ட்தான்ணே"னு பையில போட்டுக்கிட்டாரு. நானும் விட்டுட்டேன்.

அடுத்த நாலு நாளும் நொய்யா விழுந்துச்சு. வழக்கமா 50 போடுற இடத்துல 50தான் போட்டிருக்கோம், ஆனா நெல்லு ஓவரா காஞ்சு கீறல் விட்டு பாலிஷ்ல ஒடையுது. நெல்லு மேலதான் குத்தம்னு நினைச்சோம். பெரியவர்தான் "தம்பி, மூடுனப்புறமும் குழாய் சுடுது, தொட்டுப் பாருங்க"ன்னாரு.

காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்து ரிட்டயர்ட் ஆன சார் ஒருத்தர் நல்ல மீட்டரோட வந்தாரு. கார்டை அரை மணி நேரம் சூடாக விட்டு, வயரைக் கழட்டி நடுவுல மீட்டரை சீரிஸ்ல போட்டோம். ஸ்க்ரீன்ல 0, மீட்டர்ல 4.90. 50க்கு 12 வரணும், 12.60 வருது. 100க்கு 20.30.

கடைக்காரரைக் கூப்பிட்டா அவரு கம்ப்யூட்டர்ல கார்டோட கேலிபரேஷன் நம்பருங்க இருக்குற ஃபைலைத் தொறந்து ஆஃப்செட்டை (எல்லா இடத்துலயும் ஒரே அளவு கூட்டுற, குறைக்கிற நம்பர்) மட்டும் தட்டி 50ல 12.00 காட்டி "பாத்தீங்களா கரெக்ட்"னாரு. சார் விடல, மத்த ரெண்டையும் போடச் சொன்னாரு: 4.30, 19.70. ஆஃப்செட்டை மாத்துனா மூணும் சேந்து ஒரே அளவு இறங்கும், அவ்வளவுதான், கெயின், அதாவது 0லேர்ந்து 100 வரை கரண்ட் எவ்வளவு ஏறணும்ங்கிற பெருக்கல் நம்பர், தப்பா இருந்தா ஒரு இடத்துல சேத்தா இன்னொரு இடத்துல பிரியும். வால்வு இன்னும் சரியா மூடல.

அப்பதான் அந்த ஃபைலை நானே படிச்சேன். சீரியல் நம்பர் எங்க கார்டோடது, சரி. ரெண்டாவது சேனல்ல, அதாவது கார்டோட ரெண்டாவது அவுட்புட்டுல, "பாய்லர் ஃபேன்"னு எழுதியிருக்கு. எங்ககிட்ட ஃபேன் அந்த கார்டுலயே கிடையாது! வேற யாரோ மில்லு ஃபைலைக் கொண்டாந்து நோட்பேட்ல எங்க நம்பரை மட்டும் போட்டிருக்காரு. ஒரே மாடலா இருந்தாலும் கார்டுக்கு கார்டு உள்ள இருக்குற சிப்பும் ரெசிஸ்டரும் லேசா மாறும், அதுக்குத்தானே ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபைலே, அதைப் போயி காப்பி பண்ணா எப்படிங்க? மனசு ஆறல.

சண்டை போட்டு பழைய டிஸ்க்கை வாங்கி தம்பி லேப்டாப்புல மாட்டுனா நல்லா ஓடுது, சாகவே இல்ல. உள்ள எங்க ஃபைல் அப்படியே இருந்துச்சு. அதைப் போட்டதும் 4.00, 12.01, 20.00. கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

காசு இன்னும் வரல. இப்ப ஃபைலோட காப்பி பென்டிரைவ்ல ஒண்ணு, பிரிண்ட் எடுத்து பேனல் கதவு உள்பக்கம் ஒட்டுனது ஒண்ணு. நீங்களும் கம்ப்யூட்டரைக் கை வைக்க விடுறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை எடுத்து வச்சிருங்க, பழைய டிஸ்க் மில்லு கேட்டைத் தாண்டக் கூடாது, 0, 50, 100 மூணு இடத்துலயும் மீட்டர் வச்சுக் காட்டாம பில்லுக்கு காசு குடுக்காதீங்க.

ரெண்டாவது சேனல்ல பாய்லர் ஃபேன் ஓட்டுற மில்லுக்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம் இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. உங்க ஃபைல் எங்ககிட்ட இருக்கு, உங்க கம்ப்யூட்டர்ல இப்ப யாரோட ஃபைல் கெடக்குதுன்னு ஒரு தடவை தொறந்து பாத்துருங்க.