ஸ்டாரை மட்டும் எடுத்துவிட்டு 4,500 ரூபாய் வாங்கிப் போனவர்

ஈரோட்டில் ஆர்.ஓ. வாட்டர் பில்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறேன். எங்கள் புக்கிங் ஃபார்மில் 'யார் சொல்லி வந்தீர்கள்?' என்று ஒரு டிராப்டவுன் உண்டு, டேட்டாபேஸில் இருக்கும் 11 ஏஜென்ட்களின் பெயரும் அதில் வரும். யாரும் சொல்லாமல் தானாக வருகிறவர்களும் ஏதோ ஒரு பெயரைத் தொட்டால்தான் ஃபார்ம் போகும். இதைக் கட்டாயமில்லாமல் மாற்றித் தரும்படி ஒரு ஃப்ரீலான்ஸ் டெவலப்பரிடம் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துவிட்டார். கட்டாயம் என்று காட்டும் சிவப்பு ஸ்டார் போயிருந்தது, அந்தக் கட்டத்தைத் தொடாமலே சப்மிட் கொடுத்துப் பார்த்தேன், போனது. சரி என்று 4,500 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பட்டியலில் முதல் பெயராக இருக்கும் ஏஜென்ட்டே போன் செய்கிறார். "அண்ணா, கமிஷன் ஜாஸ்தியா வந்திருக்குதுங்க, கணக்கை ஒருக்கா பாருங்க."

அக்கா மகன் சைட்டின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்துச் சிரித்தான். வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில் செய்த சைட். டேட்டாபேஸ் டேபிளில் 'நல்', அதாவது மதிப்பே இல்லாத நிலையை, அனுமதிக்க வேண்டும், ஃபார்ம் காலியாக ஏற்க 'பிளாங்க்' அனுமதிக்க வேண்டும், பிறகு அந்த மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்றும் மைக்ரேஷனை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவர் அதில் எதையும் தொடவில்லை. டிராப்டவுனின் உச்சியில் இருந்த '---------' என்ற வெற்று வரியைத் தூக்கிவிட்டார். வெற்று வரி இல்லையென்றால் பிரவுசர் தானாகவே முதல் பெயரைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும், ஃபார்மும் முரண்டு பிடிக்காது. நான் டெஸ்ட் செய்தபோதும் அந்தப் பெயர் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, ஸ்டார் போன சந்தோஷத்தில் கவனிக்கவில்லை!

கேட்டால், "ஸ்டாரை எடுக்கத்தானே சார் சொன்னீங்க" என்கிறார். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

இந்த மாதிரி வேலை கொடுத்தால், காசு கொடுக்குமுன் ஃபார்மை வெறுமனே அனுப்பி, அட்மின் பக்கத்தில் அந்தக் கட்டம் நிஜமாகவே காலியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெயரைத் தேர்ந்துவிட்டு, மறுபடி வெற்று வரிக்கு வர முடிகிறதா என்றும் பாருங்கள். சப்மிட் ஆனதை மட்டும் நம்பாதீர்கள்.

ஃபார்மை அக்கா மகன் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். பழைய கணக்குதான் தீரவில்லை. அந்த ஏஜென்ட் நிஜமாகக் கொண்டுவந்தவர்களும் தானாக வந்தவர்களும் டேபிளில் ஒரே மாதிரி கிடக்கிறார்கள், ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பாவம், அதிகம் வந்ததைத் திருப்பித் தருகிறேன் என்கிறார், எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.