ரிச்சி தெருவின் 7 அங்குல டிஎஃப்டி போர்டு: இரைச்சல் எங்கே, எதை மாற்றணும்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பிராண்ட் பெயரே இல்லாமல் கிடைக்கும் 800×480 டிஎஃப்டி (வண்ணத் திரை), அதன் பின்விளக்குக்கு வோல்ட் ஏற்றும் பேக்லைட் பூஸ்ட் சர்க்யூட்டோடு சேர்ந்த டிரைவர் போர்டு. நிறத்திலும் வெளிச்சத்திலும் குறை இல்லை. ஆனால் பக்கத்தில் எஃப்எம் ரேடியோவை வைத்தால் இரைச்சல் தாங்காது. வாங்கியபடியே பொருத்தி விற்கிற தரத்தில் இது இல்லை. சரிசெய்ய முடியும், அதனால்தான் இவ்வளவு விவரம்.

இந்த அளவு பேனலுக்கு பிக்சல் கிளாக், அதாவது படப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பும் துடிப்பு, வழக்கமாக 33.3 மெகாஹெர்ட்ஸ். சதுர அலை என்பதால் ஒற்றைப்படை ஹார்மோனிக் (மடங்கு அலை) பலமாக வரும், மூன்றாவது 99.9. கிளாக்கை 33.8 ஆக வைத்தால் அது 101.4, அதாவது சென்னை எஃப்எம் ரெயின்போ இருக்கும் இடம். கிளாக்கை நகர்த்தினால் ஒரு ஸ்டேஷன் தெளியும், அவ்வளவுதான். வீட்டுக் கருவிகளின் ரேடியோ இரைச்சலுக்கு வரம்பு வைக்கும் சிஸ்பர் 32 தரத்தின் பி வகுப்பில், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வரம்பைத் தாண்டி எகிறினாலும் தோல்விதான்.

கிளாக் கோட்டில் 0 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, அதுவும் டிஸ்ப்ளே கனெக்டர் பக்கம். அங்கே மதிப்பைக் கூட்டிப் பெரிய பலன் இல்லை. அலை புறப்படும் இடத்தில், கன்ட்ரோலர் காலிலிருந்து 10 மில்லிமீட்டருக்குள், 33 ஓம் போடுங்கள். பயந்துகொண்டு 100 ஓம் போட்டால் கிளாக்கின் விளிம்பு மழுங்கி, எழுத்து ஓரங்களில் புள்ளிகள் மின்னும். கன்ட்ரோலர் எஸ்டிஎம்32 சிப் என்றால் கிளாக் காலின் வேக அமைப்பை ஒவ்வொரு படியாகக் குறைத்து, படம் கெடாத கடைசிப் படியில் நிறுத்துங்கள்.

ரிப்பன் கேபிள் 10 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதன்மேல் காப்பர் டேப் சுற்றினால் இரண்டு முனையையும் கிரவுண்டில் சேர்க்கணும். தொங்கவிட்ட டேப் தானே ஆன்டெனா ஆகிவிடும்.

போர்டின் பெரிய குறை பூஸ்ட் பகுதி. 5 வோல்ட்டை 9, 10 வோல்ட்டாக ஏற்றும் இடத்தில் ஷீல்ட் இல்லாத இண்டக்டர். செம்புக் கம்பிச் சுற்று வெளியே தெரியும், கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதே ஹென்றி மதிப்பும், குறையாத சாச்சுரேஷன் கரன்ட்டும் (இண்டக்டர் திணறாமல் தாங்கும் உச்ச கரன்ட்) உள்ள ஷீல்டட் இண்டக்டராக மாற்றுங்கள். அவுட்புட் கெபாசிட்டரோ டயோடைவிட்டு எட்டத்தில் இருக்கிறது. ஸ்விட்ச், டயோடு, கெபாசிட்டர் சேர்ந்த வளையத்தில்தான் கரன்ட் சட்டென்று வெட்டி ஏறி இறங்கும். வளையம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இரைச்சல். சோல்டர் மாஸ்க்கைச் சுரண்டி, டயோடின் கேத்தோடிலிருந்து ஸ்விட்ச் கிரவுண்டுக்கு நேராக 1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் எக்ஸ்7ஆர் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை ஒட்டுங்கள். அதன்பிறகும் ரிங்கிங் (ஸ்விட்ச் மாறியதும் வரும் அதிர்வலை) இருந்தால் ஸ்விட்ச் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 470 பிக்கோஃபாரடும் தொடராக. பூஸ்ட் 1 மெகாஹெர்ட்ஸ், 10 வோல்ட்டில் ஓடினால் அது தின்பது 0.05 வாட்டுக்குள், 0805 அளவு ரெசிஸ்டர் தாங்கும்.

5 வோல்ட் உள்ளே வரும் இடத்தில், 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓம் காட்டும் ஃபெரைட் பீட் (உயர் அலைவரிசை இரைச்சலைத் தடுக்கும் சிறு பாகம்) போடுங்கள். 0.5 ஆம்பியர் ஓடினால் 2 ஆம்பியர் பீட் வாங்குங்கள், கரன்ட் ஏற ஏற அதன் தடுக்கும் சக்தி குறைந்துவிடும். பீடுக்குப் பின்னால் 10 மைக்ரோஃபாரட் செராமிக் கட்டாயம். கிரவுண்டில் பீட் போடவே கூடாது.

கோஆக்ஸ் முனையில் உள்கம்பியை வளைத்து, 1 சென்டிமீட்டர் வளையமாக ஷீல்டில் சோல்டர் செய்து, கம்ப்யூட்டரோடு இணையும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் மாட்டி, போர்டின்மேல் நகர்த்தினால் எந்த இடம் அலறுகிறது என்று தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். அதை முடிக்காமல் ரேடியோ இரைச்சலைச் சோதிக்கும் தரமணி சமீர் மையத்துக்குப் பெட்டியைத் தூக்கிப் போவது வீண் செலவு.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு, கடை விலைப்பலகைக்கு இந்த போர்டு தாராளமாகப் போதும். ஆடியோ கருவி, ஈசிஜி மாதிரி நுண்ணிய சிக்னல் உள்ள பெட்டிக்கு வேண்டாம். அங்கே எல்விடிஎஸ் (குறைந்த வோல்ட்டில், ஜோடிக் கம்பிகளில் சிக்னல் வரும்) பேனல் வாங்குங்கள்.